மிதியடிப் புராணம்

காரினுள் காலடியில் கிடக்கும் விரிப்பைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்ற ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. கடைக்காரர் ‘மேட்’ என்கிறார். வீட்டிலும் அதுவே வழக்கு. வாசலில் கிடப்பதைக் கால்மிதி என்கிறோம், மிதியடி என்றும் சொல்கிறோம். ஆனால் மிதியடி என்பது காலில் அணியும் செருப்புக்கும் பெயர். அணிந்து மிதிப்பதும் மிதியடி, கீழே கிடந்து மிதிபடுவதும் மிதியடி! இத்தகைய சொல்லாய்வுகளை ஓய்வுநேரக் கேளிக்கையாகச் செய்துவந்த நமக்கு, அந்தப் பொருளே ஒருநாள் உயிர்ச்சிக்கலாக வந்து நிற்கும் என்று தோன்றியதில்லை.

நாம் குடியிருப்பது பாளையங்கோட்டையில். தமிழ் கற்பிப்பது தாமிரபரணிக்கு அப்பால் ஒரு கல்லூரியில். வகுப்பறையில் அதற்கு மகிழுந்து என்று பெயர். வீட்டில் சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடும்போது கார். அவசரத்தில் வாயில் வரும் சொல்லே மெய்யான சொல் என்பதால் இங்கும் கார் என்றே எழுதுவோம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் தெருவிலும் வெள்ளம் புகுந்தது. காரின் எந்திரம் தப்பியது, உட்தரை நனைந்தது. சேற்று வாடை போகவில்லை என்று அடுத்த கோடை முழுதும் அந்த விரிப்புகளைக் கழுவிக் கழுவி மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டோம். அதுவே முதற்பிழை. வெயிலில் காய்ந்து காய்ந்து அடியிலிருந்த ரப்பர் விறைத்துப்போயிற்று. ஓரங்கள் அப்பளம்போல் மேல்நோக்கிச் சுருண்டன. தரையைப் பற்றிக்கொள்வதற்காக அடிப்புறத்தில் இருந்த சிறுசிறு முட்கள் ஒடிந்து உதிர்ந்தன. அதன்பின் ஓட்டுநர் பக்கத்து விரிப்பில் வலக் குதிகால் படும் இடத்தில் முதலில் ஒரு வழுக்கை, பிறகு ஒரு பள்ளம், இறுதியில் ஓர் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்குப் பொத்தல்.

அந்த இடம் ஏன் தேய்கிறது என்று அதுவரை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. கார் ஓட்டுபவரின் வலக்கால் பாதத்தைத் தூக்கித் தூக்கி வைப்பதில்லை. குதிகாலை ஓரிடத்தில் ஊன்றி, ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்குமாகப் பாதத்தை வலமும் இடமும் திருப்பிக்கொண்டே இருக்கிறது. ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வது போலத்தான். எடையினால் அன்று, திருகலினால்தான் அவ்விடம் தேய்கிறது. இடக்கால் பக்கம் புதிதுபோலவே இருப்பதன் காரணமும் இதுவே. கிளட்சை மிதிக்கும் கால் ஒவ்வொரு முறையும் எழுந்து அமர்கிறது, அரைப்பதில்லை.

பொத்தலைக் கண்ட துணைவியார், “ஏங்க, அதை மாத்திடுங்க. செருப்பு மாட்டுது” என்றார். நமக்கோ முழுத் தொகுதியையும் மாற்ற மனமில்லை. கடைவீதியில் ‘எல்லாக் காருக்கும் பொருந்தும்’ என்று தனித்தனியாக விற்ற கெட்டி ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கிவந்து, பழையதை எடுக்காமல் அதன் மேலேயே விரித்தோம். கிழிசல் மறைந்தது. பார்வைக்கு வெகு நேர்த்தி. நம் சிக்கனத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் மாலை, கல்லூரியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். கல்லூரி முதலாண்டு பயிலும் மகள் பக்கத்து இருக்கையில். ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஒரு நகரப் பேருந்தைக் கடப்பதற்காக ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தோம். கடந்தோம். காலை எடுத்தோம். கார் வேகம் குறையவில்லை. முன்னால் ஓர் ஆட்டோ.

“அப்பா, காலை எடுங்க!” என்று மகள் கத்தினாள். எடுத்த காலை இன்னும் எப்படி எடுப்பது? பெருமைக்குச் சொல்லவில்லை, அறிவு செய்த வேலையன்று அது. இருபதாண்டுப் பழக்கத்தில் இடக்கால் தானாகக் கிளட்சை மிதித்தது. சக்கரத்துக்கும் எந்திரத்துக்கும் தொடர்பு அறுந்தது. எந்திரம் மட்டும் யானை பிளிறுவதுபோல் பிளிறிற்று. வலக்காலால் பிரேக்கை இறுக மிதித்து ஆட்டோவுக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றோம். சாவியைத் திருப்பி அணைத்த பிறகுதான் கை நடுங்கத் தொடங்கிற்று. ஆட்டோக்காரர் இறங்கி வந்து, “என்ன சார், தூக்கமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கு மேலும் அவர் கேட்டிருக்கலாம்.

குனிந்து பார்த்தோம். பழைய விரிப்பின்மேல் வழுக்கிக்கொண்டு முன்னே நகர்ந்த புதிய விரிப்பின் தடித்த ஓரம், முழுதும் மிதிக்கப்பட்ட ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். எந்திரத்தில் குறையில்லை, பிரேக்கில் குறையில்லை. காலடியில் கிடந்த ஒரு ரப்பர்த் துண்டு.

இது நமக்கு மட்டும் வாய்த்த விபரீதம் அன்று. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ நகருக்கு அருகே ஒரு லெக்சஸ் கார் இவ்வாறே கட்டுக்கடங்காமல் ஓடி, அதில் இருந்த நால்வரும் இறந்தனர். வேறொரு மாடலுக்குரிய கெட்டி ரப்பர் விரிப்பு, கொக்கியில் மாட்டப்படாமல் அந்தக் காரில் போடப்பட்டிருந்தது. அதில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டது. அதைத் தொடர்ந்து டொயோட்டா நிறுவனம் ஏறத்தாழ 38 லட்சம் கார்களின் உரிமையாளர்களை ஓட்டுநர் பக்க விரிப்பை எடுத்துவிடும்படி அறிவுறுத்தியது. பின்னர் ஆக்சிலரேட்டர் மிதியின் வடிவத்தையே மாற்றிக் கொடுத்தது. இதை அந்நாளில் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவர்களுள் நாமும் ஒருவர்.

மறுநாள் புது விரிப்பை வெளியே எறிந்துவிட்டுப் பழையதைக் கையில் எடுத்தோம். முதலில் நொடியில் ஒட்டும் பசை ஒன்றால் பொத்தலின்மேல் ஒரு ரப்பர்த் துண்டை ஒட்டிப் பார்த்தோம். ஒரு நாள் நின்றது. மறுநாள் பசை கண்ணாடிபோல் உடைந்து துண்டு தனியே வந்தது. இவ்வகைப் பசை காய்ந்ததும் விறைத்துவிடும்; வளையும் பொருளுக்கு அது ஆகாது. பின்னரே, பேருந்து நிலையத்தருகே வேப்பமரத்தடியில் செருப்புத் தைக்கும் அண்ணாச்சியின் நினைவு வந்தது. அணியும் மிதியடிக்கு மருத்துவம் அறிந்தவர் கிடக்கும் மிதியடிக்கு அறியாமல் இருப்பாரா?

அவர் விரிப்பை வாங்கி, முன்புறத்தைப் பார்க்காமல் முதலில் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். “என்ன சார், கருவாடு மாதிரிக் காயப்போட்டு வச்சிருக்கிய?” என்றார். பிறகு பொத்தலில் விரலை விட்டுச் சுற்றிலும் தடவினார். “ஒட்டுனா மட்டும் நிக்காது. தைக்கணும். ரெண்டு நாள் கழிச்சு வாங்க.”

“நீங்க செய்யுறதைப் பக்கத்துல இருந்து பாக்கணும், அண்ணாச்சி. அடுத்த முறை நாமளே செஞ்சுக்கணும்.”

அவர் நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு மரப்பலகையை நகர்த்திப் போட்டார். அன்று நாம் கற்றதை, வீட்டிலேயே செய்ய விழைவோருக்காக வரிசைப்படுத்திச் சொல்கிறோம்.

விரிப்பைச் சோப்பு நீரில் கழுவி நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தில் பசை பிடிக்காது. பொத்தலைச் சுற்றித் தொங்கும் நூல்களையும் நொறுங்கிய ரப்பரையும் கத்தரியால் வெட்டி, உறுதியான பகுதிவரை போய்விட வேண்டும். பொத்தல் பெரிதாகிறதே என்று அஞ்சக் கூடாது. பிறகு பொத்தலின் அளவுக்கு ஒரு துண்டு தேவை. அதை அண்ணாச்சி வெளியே தேடவில்லை. காலே படாத இருக்கையடிப் பின்மூலையில், அதே விரிப்பிலிருந்தே வெட்டியெடுத்தார். கனமும் ஒன்று, குணமும் ஒன்று. தீப்புண்ணுக்குத் தொடைத்தோலை எடுத்து வைப்பார்களே, அதைப்போல.

அடிப்புறத்தில் பழைய டியூப் ரப்பரைப் பொத்தலைவிட இரண்டு விரற்கடை எல்லாப் பக்கமும் மிகுதியாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டும் இரு பரப்புகளையும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, செருப்புக் கடைகளில் ‘சொல்யூஷன்’ என்று கேட்டால் தரும் ரப்பர்ப் பசையை இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவ வேண்டும். நாம் அவசரப்படும் இடம் இதுதான். தடவியவுடன் ஒட்டக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, விரலால் தொட்டால் பசை விரலோடு வராத பதத்தில் அழுத்த வேண்டும். ஒருமுறை ஒட்டிவிட்டால் நகர்த்த முடியாது. ஆகையால் நடுவில் வைத்து வெளிநோக்கி அழுத்திச் சென்று, மேலே சுத்தியலால் தட்ட வேண்டும். இப்பசை எளிதில் தீப்பற்றும், நெடியும் மிகுதி. காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் விளக்கும் இல்லாத தொலைவில் வைத்துச் செய்க.

அடிப்புறம் முடிந்தபின், மேலேயிருந்து பொத்தலுக்குள் அந்த ஒட்டுத்துண்டைப் பொருத்தி ஒட்ட வேண்டும். அதன்மேல் செருப்பின் அடிப்பாகத்துக்கு விற்கும் மெல்லிய ரப்பர்த் தகட்டில், ஏறக்குறைய 8 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் கொண்ட ஒரு குதிகால் பட்டை. “மூலைய வளைச்சு வெட்டுங்க சார். மூலை இருந்தா அங்கதான் மொதல்ல உரியும்” என்றார். பட்டையின் ஓரங்களையும் கத்தியால் சரிவாகச் சீவினார். இல்லையேல் செருப்பு நுனி அங்கே மாட்டும். மேற்புறத் துணியின் நூல்கள் பசையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்பதால் இங்கே தையல் கட்டாயம். ஓரத்திலிருந்து அரை விரல் உள்ளே தள்ளி, மெழுகு பூசிய நைலான் நூலால் சுற்றிலும் தைக்க வேண்டும்.

தைக்கும்போதுதான் அந்தக் குத்தூசியை முதன்முறையாக அருகிலிருந்து பார்த்தோம். நுனியருகே ஒரு சிறு வெட்டு. மேலிருந்து குத்தியதும், கீழே இருக்கும் இடக்கை நூலை அந்த வெட்டில் மாட்டுகிறது. ஊசி மேலே வரும்போது நூல் வளையமாக வருகிறது. அந்த வளையத்துக்குள் நூலின் மறுமுனை புகுந்து இறுகுகிறது. குத்து, மாட்டு, இழு, இறுக்கு. கண் தொடர முடியாத வேகம்.

நமக்குச் சுரீரென்றது. புறநானூற்றின் 82ஆம் பாடலைப் பதினெட்டு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடியது. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வேதனை, வெளியே மழை, பொழுதோ சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளியின் கை ஊசி எத்துணை விரைவாய் ஓடுமோ அத்துணை விரைவில் நிகழ்ந்தது அரசனின் போர் என்பது அப்பாட்டு. பதினெட்டு ஆண்டுகளில் அந்த ஊசி எப்படியிருக்கும் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. நாமும் பார்த்ததில்லை.

“காலேஜுல என்ன பாடம் சார்?” என்று அவரே கேட்டார்.

தமிழ் என்றோம். அந்த உற்சாகத்தில் பாட்டின் கதையையும் சொன்னோம். அவர் கையை நிறுத்தாமல் கேட்டார்.

“அவசரத்துல போடுத தையல் நிக்காதே சார்” என்றார் முதலில். பிறகு சற்று யோசித்து, “ஆனா கை பழகிட்டுன்னா வேகமாவும் விழும், சரியாவும் விழும். அந்தப் பாட்டுக்காரர் பாத்துத்தான் எழுதியிருக்காரு” என்றார். நாம் படித்த உரைகளுள் எதிலும் காணாத விளக்கம் இது.

அடுத்து அவர் கேட்டது நாம் எதிர்பாராதது. “எங்க ஆளுகள அந்தப் பாட்டுல என்ன பேரு சொல்லிக் கூப்பிடுதாவ?”

பாடல் அறிந்தவர்களுக்குத் தெரியும். அங்கே நிற்கும் சொல் இழிவை உள்ளே வைத்த சொல். வகுப்பில் அச்சொல் வரும்போதெல்லாம் ‘தொழிலாளி’ என்று வேகமாகப் பொருள் கூறிவிட்டு உவமையின் அழகுக்குத் தாவிவிடுவது நம் வழக்கம். அன்றும் தாவினோம்.

“கைவினைஞர்னு” என்றோம்.

“சரிதான் சார்” என்றார். நூலை இழுத்து இறுக்கினார்.

பொத்தல் என்றால் துளை. பொத்துதல் என்றால் மூடுதல். கண்ணைப் பொத்து, வாயைப் பொத்து என்கிறோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவ்விரண்டு சொற்களும் மனத்தில் புரண்டுகொண்டே இருந்தன. பழைய கிழிசலைச் சரிசெய்யாமல் மேலே புது விரிப்பைப் போட்டு மூடிய அதே வேலையைத்தான் வகுப்பறையிலும் பதினெட்டு ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறோம்.

ஒரு வாரம் கழித்துப் பக்கத்து இருக்கை விரிப்பைத் தூக்கிக்கொண்டு மீண்டும் போனோம். அதற்கு அவ்வளவு அவசரம் இல்லை; அண்ணாச்சியைப் பார்க்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. இம்முறை ஊசியை நம் கையில் கொடுத்தார். நான்கு தையலுக்கு ஒருமுறை விரலில் குத்திக்கொண்டு தைத்தோம். பாதிச் சுற்று ஆனதும், “அன்னைக்குச் சொன்ன பேரு அந்தப் பாட்டுல இல்ல, அண்ணாச்சி” என்று தொடங்கி, உள்ள சொல்லையும் அதன் பொருளையும் சொன்னோம்.

அவர் முகத்தில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. “தெரியும் சார். நல்ல பேரா இருந்தா நான் கேக்குறதுக்கு முன்னாலயே சொல்லியிருப்பிய” என்றார். சிறிது நேரம் கழித்து, “பிள்ளைகளுக்கு அதையும் சேத்துச் சொல்லுங்க. ஊசிய மட்டும் சொன்னா எப்படி?” என்றவர், நாம் தைத்ததைப் பார்த்து, “இந்த ரெண்டு தையலப் பிரிச்சுப் போடுங்க. தொளதொளன்னு இருக்கு” என்று ஊசியை மறுபடி நீட்டினார்.

பிரித்துப் போட்டோம்.

அந்தப் பருவத்தில் 82ஆம் பாடல் வந்தபோது அச்சொல்லில் நின்றோம். பலகையில் எழுதினோம். ஊசியின் விரைவை அத்துணை நுட்பமாகக் கண்ட சமூகம், அதைப் பிடித்த கைக்கு ஏன் அப்பெயரை வைத்தது என்று கேட்டோம். ஒரு மணி நேரம் போதவில்லை. நம்மிடம் விடையும் இல்லை. மாணவர்கள் பேசினார்கள், நாம் கேட்டோம். உவமையின் அழகு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இனி விரிப்புக்கு வருவோம். முக்கியமான ஒன்று பாக்கி. கிழிசலைத் தைத்துவிட்டால் மட்டும் வேலை முடிவதில்லை. விரிப்பு நகராமல் இருந்தால்தான் முடிந்தது. காரின் தரையில் கொக்கி இருந்தால் விரிப்பின் துளைகள் அதில் மாட்டியிருக்க வேண்டும். நம் காரில் கொக்கி இல்லை. பள்ளிப்பைகளில் ‘கரக்’கென்று பிரியுமே, அந்த ஒட்டுப்பட்டையின் சொரசொரப்பான பக்கத்தை மட்டும் வாங்கி விரிப்பின் அடியில் நான்கு இடங்களில் தைத்தோம், அது தரைக் கம்பளத்தைக் கவ்விக்கொள்கிறது. அதோடு பின் ஓரத்தில் இரண்டு நாடாக்களைத் தைத்து, இருக்கையின் அடியில் அசையாமல் நிற்கும் இரும்புக் காலில் கட்டினோம். இது அண்ணாச்சியின் யோசனை. “மாட்டக் கட்டுத மாதிரிதான் சார். முன்னால போகக் கூடாது, அவ்வளவுதான?”

பிறகு சோதனை. எந்திரத்தை அணைத்த நிலையில், விரிப்பைக் குதிகாலால் வலிந்து முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்தி விட வேண்டும். எங்கும் உரசாமல் தானே எழ வேண்டும். பிரேக்கையும் கிளட்சையும் அவ்வாறே பார்க்க வேண்டும். ஒரு விரிப்பின்மேல் இன்னொன்றை ஒருபோதும் போடக் கூடாது. சுருண்ட முன் ஓரம் நிமிராவிட்டால், ஓட்டுநர் பக்கத்துக்கு அதைத் தைத்து மாளாது; விரிப்பே இல்லாமல் ஓட்டுவது மேல். எவ்வளவு கவனமாக இருந்தும் மிதி சிக்கிக்கொண்டால், கிளட்சை மிதித்து அல்லது கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஓரமாக நின்றபின் எந்திரத்தை அணைக்க வேண்டும். ஓடும்போதே சாவியைத் திருப்பி எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

மகள் இப்போது பழகுநர் உரிமம் பெற்று இந்தக் காரில்தான் ஓட்டப் பழகுகிறாள். இருக்கையில் அமர்ந்ததும் சாவி போடுமுன் குனிந்து விரிப்பைப் பார்க்கிறாள். ஆக்சிலரேட்டரை ஒருமுறை அழுத்தி விடுகிறாள். அது எழும் ஓசையைக் கேட்ட பிறகே கண்ணாடியைச் சரிசெய்கிறாள். நாம் சொல்லிக் கொடுக்காமலே வந்த பழக்கம். அவள் குதிகாலுக்கு அடியில் இருப்பது அண்ணாச்சியின் தையல். நம் காலுக்கு அடியில் இருப்பது நம்முடையது. எது யாருடையது என்று யாரும் சொல்லாமலே தெரியும்.